வாசகர் கேள்வி–பதில்: சிறு நகரத்தின் வன்முறைக் கணக்கை எப்படிப் படிப்பது?

சிறிய நகரங்களில் வன்முறைக் குற்றங்கள் காலப்போக்கில் கூடுகின்றனவா, குறைகின்றனவா என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது. ஒரே பொருளைத் தொடும் கடிதங்கள் ஒரே கேள்வியாகச் சேர்க்கப்பட்டுள்ளன. எழுதியவர்களின் பெயர்களையும் ஊர்களையும் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: எண்பதாயிரம் பேர் வாழும் எங்கள் நகரத்தில் முந்தைய ஆண்டு 4 கொலைகள் நடந்தன. சென்ற ஆண்டு 8 கொலைகள். 'கொலைகள் நூறு சதவீதம் உயர்வு' என்று செய்தி வந்த நாள் முதல் வீட்டில் இருக்கும் பெண்களைப் பொழுது சாய்ந்த பிறகு பெரியவர்கள் வெளியே அனுப்புவதில்லை. ஊர் உண்மையிலேயே கெட்டுவிட்டதா?

பதில்: எட்டு உயிர்கள் போயிருக்கின்றன. அந்த இழப்பைச் சிறிதாக்கிக் காட்டும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் ஊர் கெட்டுவிட்டதா என்ற உங்கள் கேள்விக்கு விடை சொல்ல இந்த இரண்டு எண்கள் போதா.

ஒரு நகரத்தில் நீண்ட காலச் சராசரியாக ஆண்டுக்கு 4 கொலைகள் நடக்கின்றன என்றும், ஒரு கொலைக்கும் அடுத்ததற்கும் தொடர்பில்லை என்றும், இருபது ஆண்டுகளாக ஊரின் நிலைமையில் எந்த மாற்றமும் ஏற்படவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒவ்வோர் ஆண்டும் சரியாக 4 என்ற எண் வராது. சமமான கட்டங்கள் வரைந்த தரையில் ஒரு பிடி விதையை வீசினால், சில கட்டங்கள் காலியாகவும் சிலவற்றில் ஏழெட்டு விதைகள் குவிந்தும் கிடக்கும். அந்தக் குவியலுக்குத் தனியான காரணம் எதுவும் இருக்காது. அரிதான நிகழ்வுகள் இவ்வாறு சிதறும் முறையைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் புவாசோன், நீதிமன்றத் தீர்ப்புகளின் நிகழ்தகவைப் பற்றி 1837-இல் வெளியிட்ட நூலில் எழுதிவைத்தார். அவருடைய சூத்திரத்தின்படி கணக்கிட்டால், சராசரி 4 ஆக உள்ள நகரத்தில் ஐந்தில் நான்கு ஆண்டுகள் 2 முதல் 6 வரையான எண்ணிக்கையில் அமையும். ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது ஆண்டுகளில் ஒரு கொலையோ, ஒன்றுகூட இல்லாமலோ கழியும். நூற்றுக்கு ஐந்து ஆண்டுகளில் எட்டு அல்லது அதற்கு மேல் நடக்கும். இருபது ஆண்டுகளை ஒன்றாக எடுத்துக்கொண்டால், அவற்றுள் ஓர் ஆண்டாவது எட்டைத் தொடுவதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு இருக்கிறது. ஊரில் எதுவுமே மாறாமல் இருந்தும் இப்படி நிகழும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உண்மை வாழ்க்கையில் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் பெரிதாகவே இருக்கும். ஒரு கொலைக்குப் பழிவாங்க இன்னொரு கொலை நடக்கிறது; ஒரே வீட்டில் ஒரே இரவில் மூன்று பேர் கொல்லப்படுகிறார்கள். உங்கள் ஊரின் எட்டு கொலைகளில் எத்தனை ஒரே நிகழ்வைச் சேர்ந்தவை என்று செய்தியில் இல்லை. அதைத்தான் நிருபர் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஒரு கோடிப் பேர் வாழும் பெருநகரத்தில் ஆண்டுக்கு 400 கொலைகள் நடந்தால், தற்செயலால் மட்டும் அந்த எண் பெரும்பாலும் இருபது முப்பதுக்கு மேல் நகராது. அங்கே 400 என்பது 800 ஆனால் பெரும் கேடு நேர்ந்துவிட்டது என்று ஐயமின்றிச் சொல்லலாம். அதே சதவீதத்தைச் சிறிய நகரத்துக்குத் தலைப்பாகப் போடுவது, படிப்பவரைத் தவறான முடிவுக்குக் கொண்டுசெல்லும் செயல் என்றே நான் கருதுகிறேன். ஆண்டுக்கு இருபதுக்கும் குறைவாக நிகழும் எந்தக் குற்றத்துக்கும் சதவீதம் போடாமல், எண்ணிக்கையையே முந்தைய பத்து ஆண்டுகளின் எண்ணிக்கையோடு சேர்த்து அச்சிட்டால் போதும்.

அப்படியானால் எப்போது கவலைப்பட வேண்டும்? மூன்றாண்டுச் சராசரியோ ஐந்தாண்டுச் சராசரியோ தொடர்ந்து மேலே போனால் கவலைப்பட வேண்டும். கொலையோடு கொலை முயற்சி, கொடுங்காயம், ஆயுதத்தைக் காட்டி நடக்கும் வழிப்பறி ஆகியவையும் சேர்ந்து கூடினால் கவலைப்பட வேண்டும். அதுவரை கவனித்துக்கொண்டிருப்பதே அறிவுடைமை.

கதவைச் சாத்துவது பற்றியும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஐக்கிய நாடுகள் அமைப்பின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகத்தின் மதிப்பீட்டின்படி, 2021-இல் உலகெங்கும் கொலையுண்ட பெண்களில் 56 சதவீதம் பேர் கணவராலோ காதலராலோ குடும்பத்தினராலோ கொல்லப்பட்டவர்கள். ஆண்களில் அந்த விகிதம் 11 சதவீதம்தான். வீட்டுக்குள் அடைத்துவைப்பதால் பெண்களுக்குப் பாதுகாப்பு கிடைத்துவிடுகிறது என்ற நம்பிக்கைக்கு இந்தக் கணக்கில் ஆதாரம் இல்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: காவல்துறை வெளியிட்ட பட்டியலின்படி எங்கள் நகரத்தில் அடிதடி வழக்குகளும் பாலியல் குற்ற வழக்குகளும் பத்து ஆண்டுகளில் மூன்று மடங்காகிவிட்டன. ஆனால் தெருக்கள் முன்பைவிட அமைதியாகவே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கண்ணால் காண்பதை நம்புவதா, கணக்கை நம்புவதா? (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

பதில்: இரண்டையும் உடனடியாக நம்ப வேண்டாம், ஐயா. பட்டியலில் இருப்பது நடந்த குற்றங்களின் எண்ணிக்கை அன்று, பதிவான வழக்குகளின் எண்ணிக்கை. குற்றம் நடந்து, பாதிக்கப்பட்டவர் புகார் கொடுக்க முன்வந்து, காவல் நிலையத்தில் அதை ஏற்றுக்கொண்டு, உரிய பிரிவின் கீழ் வழக்குப் பதிந்தால்தான் அது பட்டியலுக்குள் வருகிறது. இந்தப் படிகளில் எது மாறினாலும் எண் மாறும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2002 ஏப்ரல் மாதத்தில் குற்றங்களைப் பதிவு செய்வதற்கு ஒரே சீரான நெறிமுறை கொண்டுவரப்பட்டது. பாதிக்கப்பட்டவர் சொல்வதை, அதற்கு மாறான நம்பத்தக்க சான்று இல்லாத வரையில், குற்றமாகவே பதிவு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். காவல்துறை ஏடுகளில் வன்முறை சட்டென்று உயர்ந்தது. வீடு வீடாகச் சென்று மக்களைக் கேட்ட ஆய்விலோ அப்படி ஓர் உயர்வு தென்படவில்லை. அதற்குப் பிறகும் குறை தீரவில்லை. காவல்துறையைக் கண்காணிக்கும் அந்நாட்டு ஆய்வாளர் அலுவலகம் 2014-இல் வெளியிட்ட அறிக்கையில், காவல்துறையிடம் சொல்லப்பட்ட குற்றங்களில் 19 சதவீதம் பதிவு செய்யப்படாமலேயே போவதாகவும், உடல்சார்ந்த வன்முறைகளில் அந்த விகிதம் 33 சதவீதம் என்றும் கண்டறியப்பட்டது. அதன் பின்னர் பதிவுமுறை திருத்தப்பட, வன்முறை எண்ணிக்கை மீண்டும் வேகமாக ஏறியது. அந்த ஏற்றத்தை மட்டும் பார்ப்பவர் நாடு வன்முறையில் மூழ்கிவிட்டதாக நினைப்பார்.

சட்டத்தின் வரையறை மாறினாலும் இதுவே நடக்கும். அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்திவந்த பாலியல் வன்புணர்ச்சியின் வரையறை, பாதிக்கப்பட்ட ஆண்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டது. பலவந்தம் இருந்தால் மட்டுமே குற்றமாகக் கொண்டது. 2013-ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து அது விரிவாக்கப்பட்டது. இந்தியாவிலும் 2013-இல் சட்டம் திருத்தப்பட்டு வரையறை விரிந்தது; முந்தைய டிசம்பரில் தில்லியில் நடந்த கொடுமைக்குப் பிறகு புகார் கொடுக்கும் துணிவும் பெருகியிருந்தது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2012-இல் 24,923 ஆக இருந்த பாலியல் வன்புணர்ச்சி வழக்குகள் 2013-இல் 33,707 ஆயின. ஒரே ஆண்டில் ஆண்கள் அவ்வளவு கொடியவர்களாக மாறிவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. அதுவரை ஊமையாகக் கிடந்த துயரங்களில் ஒரு பகுதி ஏட்டில் ஏறியது என்று கொள்வதே பொருத்தம். ஊராட்சிகளில் பெண்களுக்கு இடஒதுக்கீடு வந்த பிறகு பெண்களுக்கு எதிரான குற்றங்களின் பதிவு கூடியது என்று 2012-இல் வெளியான பொருளியல் ஆய்வு ஒன்றும் கண்டது. குற்றம் பெருகியதைவிடப் புகார் பெருகியதே அதற்குக் காரணம் என்பது ஆய்வாளர்களின் முடிவு.

ஆகவே உங்கள் நகரத்தில் வழக்குகள் மூன்று மடங்கானது நல்ல செய்தியாகவும் இருக்கக்கூடும். காவல் நிலையத்தில் பெண் அதிகாரி அமர்த்தப்பட்டாரா, புகாரை இணையவழியில் கொடுக்க வழி வந்ததா, தெருச் சண்டையைச் சமாதானம் பேசி அனுப்பும் பழக்கம் நின்றதா என்று விசாரியுங்கள். இதன் மறுபக்கம்தான் என்னை அதிகம் வருத்துகிறது. எண்ணிக்கை குறைந்தால்தான் பாராட்டு என்ற நிலை வரும்போது, புகாருடன் வந்தவரைத் திருப்பி அனுப்புவதும் கொடுங்காயத்தைச் சிறு காயம் என்று எழுதுவதும் எளிதாகிவிடுகிறது. அந்த ஆண்டு பட்டியல் அழகாக இருக்கும். அடிபட்டவருக்கு மட்டும் நீதி கிடைத்திருக்காது.

நீங்கள் கண்ணால் காண்பதற்கும் ஓர் எல்லை உண்டு. தெரு அமைதியாக இருக்கும்போதே வீட்டுக்குள் நடக்கும் அடி உங்கள் கண்ணில் படாது.

கேள்வி: மறைக்க முடியாத குற்றம் கொலை ஒன்றுதான் என்பார்கள். அப்படியென்றால் கொலை எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதுமல்லவா?

பதில்: மற்றவற்றைவிட நம்பகமானது என்பது சரி. ஆனாலும் இரண்டு சிக்கல்கள் உள்ளன. ஒன்று, எந்த ஆண்டில் எழுதப்படுகிறது என்பது. தம் நோயாளிகளையே கொன்ற ஹரோல்ட் ஷிப்மன் என்ற மருத்துவரின் 172 கொலைகள், பல ஆண்டுகளில் நடந்தவையாக இருந்தும், இங்கிலாந்து–வேல்ஸ் கணக்கில் 2002–03 என்ற ஒரே ஆண்டில் ஏறின. 1989-இல் ஹில்ஸ்பரோ கால்பந்து அரங்கில் நெரிசலில் இறந்த 96 பேர், விசாரணைத் தீர்ப்புக்குப் பிறகு 2016–17 கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு நாட்டின் கொலை எண்ணிக்கையைக் காட்டும் வரைபடத்தையே வளைத்துவிட்ட இத்தகைய பதிவு, சிறு நகரத்தின் வரைபடத்தை என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். கிணற்றில் கிடைத்த பழைய எலும்புக்கூடு ஒன்று போதும்.

மற்றொன்று மருத்துவம். கொலைக்கும் கொலை முயற்சிக்கும் இடையே இருப்பது பல நேரங்களில் ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்த நேரமும் அறுவை மருத்துவரின் கையும்தான். அமெரிக்காவின் 1960 முதல் 1999 வரையான கணக்குகளை ஆராய்ந்து 2002-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அந்த நாற்பது ஆண்டுகளில் தாக்குதலுக்கு ஆளானவர் இறக்கும் வாய்ப்பு பெரிதும் குறைந்ததற்கு அவசர மருத்துவத்தின் வளர்ச்சியே முக்கியக் காரணம் என்று காட்டியது. உங்கள் நகரத்தில் புதிதாக விபத்துச் சிகிச்சைப் பிரிவு திறக்கப்பட்டால் கொலை குறையலாம். கத்தியை எடுத்தவர்களின் எண்ணிக்கை குறையாமலேயே இருக்கலாம். அங்கிருந்த ஒரே அறுவை மருத்துவர் மாற்றலாகிப் போனால் கொலை கூடலாம். ஆகையால் கொலை, கொலை முயற்சி, கொடுங்காயம் மூன்றையும் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே பார்க்க வேண்டும்.

கேள்வி: கடுமையான அதிகாரி ஒருவர் பொறுப்பேற்ற அடுத்த ஆண்டே எங்கள் நகரத்தில் வன்முறை பாதியாகக் குறைந்தது. அவருக்குப் பாராட்டு விழா எடுக்கிறார்கள். எடுக்கலாம்தானே?

பதில்: அவர் நல்ல அதிகாரியாக இருக்கக்கூடும். ஆனால் அவர் ஏன் அழைத்துவரப்பட்டார் என்பதை யோசியுங்கள். மிக மோசமான ஓர் ஆண்டுக்குப் பிறகுதானே? மிக மோசமான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு, யாரும் எதுவும் செய்யாவிட்டாலும், பெரும்பாலும் சராசரியை நோக்கித் திரும்பிவிடும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1955-இல் சாலை விபத்துகளில் 324 பேர் இறந்தார்கள். அதையடுத்து ஆளுநர் வேகக் கட்டுப்பாட்டைக் கடுமையாக்கினார். 1956-இல் இறப்புகள் 284 ஆகக் குறைந்தன. நடவடிக்கை வென்றுவிட்டது என்று அறிவிக்கப்பட்டது. டொனால்ட் கேம்பெல் என்ற சமூக அறிவியலாளரும் அவருடைய சக ஆய்வாளரும் பல ஆண்டுகளின் கணக்கை வரிசையாக அடுக்கிப் பார்த்து, 1955 என்பதே வழக்கத்துக்கு மாறாக உயர்ந்த ஆண்டு என்றும், அந்த இறக்கத்தில் எவ்வளவு நடவடிக்கையால் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் 1968-இல் எழுதினார்கள். சாலை இறப்புகளுக்குச் சொல்லப்பட்டதுதான், வன்முறைக்கும் அப்படியே பொருந்தும்.

விழாவை மூன்று ஆண்டுகள் தள்ளிவைக்கலாம். எண்ணிக்கை மீண்டும் ஏறும் ஆண்டில் அதே அதிகாரியைப் பழிக்காமல் இருப்பதும் இதே நியாயத்தைச் சேர்ந்தது.

கேள்வி: 'ஆபத்தான நகரங்கள்' பட்டியலில் எங்கள் சிறிய நகரம் முதலிடத்தில் வந்திருக்கிறது. லட்சம் பேருக்கு இத்தனை என்று கணக்கிட்டார்களாம். சரியான முறையா?

பதில்: வீதத்தைக் கணக்கிடுவது சரியான முறைதான். அதை வைத்து வரிசைப்படுத்துவதுதான் தவறு. எண்பதாயிரம் பேருக்கு நான்கு கொலைகள் என்றால் லட்சத்துக்கு 5. ஒரே ஒரு கொலை கூடினால் 6.25. அந்த ஒன்று உங்கள் நகரத்தைப் பட்டியலில் பல இடங்கள் தள்ளிவிடும். பட்டியலின் உச்சியிலும் அடியிலும் பெரும்பாலும் சிறிய நகரங்களே நிற்பதற்குக் காரணம் இதுதான். மேலும், பகலில் வேலைக்கும் சந்தைக்கும் கல்விக்கும் வந்து போகிறவர்கள் குடியிருப்போர் கணக்கில் இல்லை; அவர்கள்மீது நடக்கும் குற்றமும் அவர்கள் செய்யும் குற்றமும் மட்டும் நகரத்தின் கணக்கில் சேர்கின்றன. அந்தப் பட்டியலுக்காக உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என் தம்பி கொல்லப்பட்ட ஆண்டில்தான் 'நகரத்தில் வன்முறை குறைந்தது' என்று அறிக்கை வந்தது. உங்களைப் போன்றவர்கள் எண்களைப் பற்றிப் பேசும்போது எங்களை நினைப்பதுண்டா?

பதில்: உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். குறைந்தது என்ற சொல் உங்கள் வீட்டில் எப்படி ஒலித்திருக்கும் என்பதை அந்த அறிக்கையை எழுதியவர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். ஓர் ஊரின் சராசரி எந்தக் குடும்பத்தின் இழப்பையும் அளப்பதில்லை, அளக்கவும் முடியாது. அதைச் சொல்லாமல் எண்களை மட்டும் அடுக்குவது கல்நெஞ்சம்.

எண்களை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கும் உங்கள் தம்பியைப் போன்றவர்களே காரணம். அவர் எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்தப் பகையால், எந்த ஆயுதத்தால் தாக்கப்பட்டார், அதற்கு முன்பு மிரட்டல் பற்றிப் புகார் கொடுக்கப்பட்டதா, கொடுத்திருந்தால் அதை யார் கேட்டார்கள் என்பவை ஒழுங்காக எழுதிவைக்கப்பட்டால், அடுத்த ஒருவரைக் காப்பாற்ற வழி பிறக்கும். வெறும் '1' என்று எழுதி ஏட்டை மூடினால் பிறக்காது. சிறிய நகரத்தில் ஒவ்வொரு கொலையையும் தனித்தனியாக எடுத்து, எங்கே தடுத்திருக்கலாம் என்று ஆராய முடியும். பெருநகரங்களுக்கு அது எளிதன்று. உங்கள் நகரம் அதைச் செய்யவில்லை என்றால், செய்யுமாறு கேட்கும் உரிமை யாரையும்விட உங்களுக்கு உண்டு.

கேள்வி: எங்கள் தாத்தா, 'அந்தக் காலத்தில் இப்படி வெட்டுக்குத்து கிடையாது' என்கிறார். நீண்ட காலப் போக்கு எப்படி இருந்திருக்கிறது?

பதில்: மிக நீண்ட காலத்தை எடுத்துக்கொண்டால் தாத்தா சொல்வது பொருந்தவில்லை. ஐரோப்பாவின் பழைய நீதிமன்ற ஏடுகளை ஆராய்ந்தவர்கள், இடைக்காலத்தின் இறுதியில் பல நகரங்களில் லட்சத்துக்கு 20 முதல் 40 வரை இருந்த கொலை வீதம் இருபதாம் நூற்றாண்டில் ஏறத்தாழ ஒன்றாகக் குறைந்ததைக் காட்டியிருக்கிறார்கள். அண்மைக் காலத்தில் அமெரிக்காவில் வன்முறைக் குற்ற வீதம் 1960-களிலிருந்து ஏறி 1991-இல் உச்சத்தைத் தொட்டது. 2014-க்குள் அதில் பாதிக்கும் கீழே இறங்கியது. 2020-இல் கொலைகள் மட்டும் ஒரே ஆண்டில் சுமார் 30 சதவீதம் உயர்ந்தன. 2023-இலும் 2024-இலும் வேகமாகக் குறைந்தன. இங்கிலாந்தில் மக்களைக் கேட்டு எடுக்கும் ஆய்வின்படி வன்முறையின் உச்சம் 1995. உலக அளவில் 2021-இல் சுமார் 4,58,000 பேர் கொலையுண்டார்கள், லட்சத்துக்கு 5.8 என்ற வீதம் அது.

தொண்ணூறுகளில் வந்த இறக்கத்துக்கு ஒவ்வோர் அறிஞரும் ஒவ்வொரு காரணம் சொல்கிறார்கள். மக்கள்தொகையில் இளைஞர்களின் பங்கு குறைந்தது, காவல் முறைகள் மாறின, போதைப்பொருள் சந்தை ஓய்ந்தது, பெட்ரோலிலிருந்து ஈயம் நீக்கப்பட்டதால் குழந்தைகளின் மூளை வளர்ச்சி காப்பாற்றப்பட்டது என்று பலவாறாக விவாதம் நடக்கிறது, முடிவு எட்டப்படவில்லை. வயதைப் பற்றி மட்டும் கருத்து வேறுபாடு குறைவு. பெல்ஜியத்தைச் சேர்ந்த கெத்தலே 1831-இலேயே, குற்றத்தை நோக்கிய சாய்வு இளமையில் உச்சத்தை அடைந்து பிறகு தணிகிறது என்று கணக்கோடு எழுதினார். சிறிய நகரத்தில் இது பெரிதாக வேலை செய்யும். ஒரு பெரிய கல்லூரியோ தொழிற்சாலையோ வந்தால் இளைஞர் தொகை ஒரே தாவலில் ஏறும். வேலை தேடி இளைஞர்கள் வெளியேறினால் இறங்கும்.

உங்கள் நகரத்தின் குற்ற எண்ணிக்கை வரைபடத்தை அதே அளவுள்ள வேறு ஐந்தாறு நகரங்களின் வரைபடங்களோடு வைத்துப் பாருங்கள். எல்லாம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால், காரணத்தை உள்ளூரில் தேடிப் பயனில்லை.

கேள்வி: எங்கள் நகரத்தின் இருபது ஆண்டுக் கணக்கைத் திரட்ட விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது? (கல்லூரி மாணவி)

பதில்: மிகவும் மகிழ்ச்சி. காவல்துறையின் ஆண்டறிக்கைகளிலிருந்து ஒவ்வொரு குற்ற வகையையும் தனி வரிசையில் எழுதுங்கள். 'வன்முறைக் குற்றம்' என்ற கூட்டுத்தொகையை நம்பாதீர்கள். அந்தக் கூட்டில் எண்ணிக்கையில் பெரியதான அடிதடி, கொலையையும் பாலியல் குற்றத்தையும் விழுங்கிவிடும். ஒரே நிகழ்வில் பல குற்றங்கள் நடந்தால் கொடியதை மட்டும் எண்ணும் வழக்கம் பல நாடுகளில் உண்டு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கொள்ளையும் கொலையும் ஒன்றாக நடந்தால் கொள்ளை கணக்கில் மறைந்துபோகும். சட்டப் பிரிவுகள் மாறிய ஆண்டு, நகர எல்லை விரிந்த ஆண்டு, புதிய காவல் நிலையம் திறந்த ஆண்டு, பதிவுமுறை மாறிய ஆண்டு ஆகியவற்றை வரைபடத்தில் செங்குத்துக் கோடாகப் போடுங்கள். எஃப்.பி.ஐ. 2021 ஜனவரியில் பழைய பதிவுமுறையைக் கைவிட்டு விரிவான புதிய முறைக்கு மாறியபோது, நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போன்ற நகரங்களின் கணக்கே அந்த ஆண்டுத் தொகுப்பில் முழுமையாக வரவில்லை. அந்த ஆண்டையும் முந்தைய ஆண்டையும் நேராக ஒப்பிட்டவர்கள் தடுமாறினார்கள். கோட்டின் இருபுறமும் உள்ள எண்களை ஒப்பிடும் முன் நீங்கள் ஒரு முறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

முடிந்தால் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில், தாக்குதலால் காயமடைந்து வந்தவர்களின் மாதவாரி எண்ணிக்கையைப் பெயர் விவரங்கள் இல்லாமல் கேட்டுப் பெறுங்கள். காவல் நிலையத்துக்குப் போகாதவர்களும் தையல் போட வருவார்கள்.

கேள்வி: கணக்கெல்லாம் சரி. சிறிய நகரம் தன் கையில் இருப்பதைக் கொண்டு வன்முறையைக் குறைக்க முடியுமா?

பதில்: முடியும். ஏனெனில் வன்முறை நகரம் முழுவதும் பரவிக் கிடப்பதில்லை. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் காவல்துறைக்கு வந்த அழைப்புகளை ஆராய்ந்து 1989-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நகரத்தின் இடங்களில் 3.3 சதவீதத்திலிருந்தே பாதி அழைப்புகள் வந்தன. வழிப்பறிகள் அனைத்தும் 2.2 சதவீத இடங்களில் நடந்திருந்தன. வேறு பல நகரங்களிலும் இதைப் போலவே கண்டறியப்பட்டிருக்கிறது. 'அந்தப் பகுதி மோசம்' என்று ஒரு பேட்டையையே ஒதுக்குகிறார்களே, அது எவ்வளவு அநியாயம் என்பதும் இதிலிருந்து தெரியும். மோசமென்று பெயர் வாங்கிய பகுதியிலும் பெரும்பாலான தெருக்களில் ஆண்டு முழுவதும் எதுவும் நடப்பதில்லை. அங்கே வாழும் எளிய மக்கள் அந்தப் பெயரைச் சுமக்கிறார்கள்.

வேல்ஸின் கார்டிஃப் நகரத்தில் ஜோனதன் ஷெப்பர்ட் என்ற முக அறுவை மருத்துவர், தம்மிடம் கிழிந்த முகத்தோடு வருபவர்களில் பலர் காவல்துறைக்குப் போகவே இல்லை என்பதைக் கண்டார். அவசரப் பிரிவில் வரவேற்பாளரே எங்கே, எப்போது, எதனால் தாக்கப்பட்டீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வதும், பெயர் நீக்கிய அந்தக் குறிப்புகள் காவல்துறைக்கும் நகர நிர்வாகத்துக்கும் போவதும் வழக்கமாக்கப்பட்டன. எந்த மதுக்கூடத்தின் வாசலில் எந்த நேரத்தில் காவலர் நிற்க வேண்டும் என்பது அதிலிருந்து முடிவாயிற்று. 2011-இல் வெளியான மதிப்பீட்டின்படி, வன்முறையால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர் கார்டிஃபில் மாதத்துக்கு லட்சம் பேரில் 7-இலிருந்து 5 ஆகக் குறைந்தனர்; ஒப்பிடப்பட்ட மற்ற நகரங்களில் 5-இலிருந்து 8 ஆக உயர்ந்தனர்.

பிரேசிலில் சாவோ பாலோவுக்கு அருகிலுள்ள டியடெமா நகரம், கொலைகளில் பெரும்பகுதி இரவு நேரத்தில் மது விற்கும் இடங்களை ஒட்டியே நடப்பதைக் கண்டு, 2002-இல் அவற்றை இரவு 11 மணிக்கு மூடச் சட்டம் கொண்டுவந்தது. மாதத்துக்கு ஏறத்தாழ 9 கொலைகள் குறைந்ததாக 2007-இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அதே காலத்தில் சாவோ பாலோ மாநிலம் முழுவதும் கொலைகள் குறைந்துவந்ததால், இந்த இறக்கம் முழுவதையும் சட்டத்தின் பெயரில் எழுத நான் தயங்குகிறேன். ஆனாலும் அந்த நகரம் தன் கணக்கைப் படித்து, அதிலிருந்து ஒரு முடிவை எடுத்த முறை பின்பற்றத் தக்கது. பிலடெல்பியாவில் குப்பை மண்டிக் கிடந்த காலி மனைகளைச் சுத்தம் செய்து, புல் விதைத்து, தாழ்வான வேலி போட்டார்கள். எந்த மனை என்பதைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து நடத்திய அந்தச் சோதனையின் முடிவு 2018-இல் வெளியானது. வறுமை மிகுந்த பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்திருந்தது.

இந்த மூன்றிலும் பெரும் செலவு எதுவும் இல்லை. முதல் இரண்டுக்கும் தேவைப்பட்டவை இடமும் நேரமும் குறிக்கப்பட்ட பதிவுகள்தான். உங்கள் நகர மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் உறுப்பினரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, கடந்த ஐந்து ஆண்டுகளில் நடந்த தாக்குதல்களைத் தெருவாரியாகவும் மணிவாரியாகவும் காட்டும் வரைபடம் நகராட்சியிடம் இருக்கிறதா என்பது. இல்லை என்று பதில் வந்தால், அதைத் தயாரிக்கக் காவல்துறையையும் அரசு மருத்துவமனையையும் ஒரே மேசைக்கு அழைக்கும் தீர்மானத்தை முன்மொழியச் சொல்லுங்கள்.